எஸ்.ஏ.டி. தேர்வை உருவாக்கிய கார்ல் பிரிகம்: எழுதியதும் திரும்பப் பெற்றதும்

கேள்வி இது: அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வை உருவாக்கிய உளவியலாளர் ஓர் இனவாதி என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறார்கள். அவரே பின்னால் மாறிவிட்டார் என்று இன்னோரிடத்தில். எது சரி? அவர் உண்மையில் என்ன வேலைதான் செய்தார்?

இரண்டும் சரி. கார்ல் கேம்ப்பெல் பிரிகம் 1923இல் இனங்களை அறிவின்படி தரம் பிரித்து ஒரு புத்தகம் எழுதினார். 1930இல் அந்தப் புத்தகத்துக்கு அடித்தளமே இல்லை என்று அவரே அச்சில் எழுதினார். இரண்டுக்கும் நடுவே, 1926இல், எஸ்.ஏ.டி. வந்தது. அவரை மாற்றியதில் அந்த நடு வேலைக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு. மனசாட்சி உறுத்தியதா என்று நமக்கு என்ன தெரியும்? அவர் எழுதிவைத்த காரணங்கள் எல்லாம் கணக்கு சார்ந்தவை. அதனால்தான் அவை இன்னும் படிக்கத் தகுந்தவையாக இருக்கின்றன.

ஆளைப் பற்றிச் சுருக்கமாக: 1890இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மார்ல்பரோவில் பிறந்தார். இளங்கலை முதல் முனைவர் பட்டம் வரை எல்லாம் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில். 1916இல் முனைவரானார். பிறகு அங்கேயே பேராசிரியர். 1943 ஜனவரியில் பிரின்ஸ்டன் ஊரிலேயே இறந்தபோது வயது 52.

அவர் பட்டம் வாங்கிய அடுத்த ஆண்டே அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. ராபர்ட் யெர்க்ஸ் தலைமையில் உளவியலாளர்கள் ராணுவத்துக்கென்று இரண்டு நுண்ணறிவுத் தேர்வுகளைத் தயாரித்தார்கள். ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்களுக்கு 'ஆல்ஃபா', தெரியாதவர்களுக்குப் படங்களால் ஆன 'பீட்டா'. சுமார் 17 லட்சம் பேர் இதை எழுதினார்கள். அதுவரை உளவியலில் யாரும் அவ்வளவு எண்களை ஒன்றாகப் பார்த்ததே இல்லை. இளம் பிரிகமும் அந்த ராணுவ உளவியல் பணியில் இருந்தவர்தான்.

அந்தத் தேர்வில் என்ன கேட்டார்கள் என்று கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் மீதிக் கதை முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. ஆல்ஃபாவில் ஒரு கேள்வி: கிரிஸ்கோ என்பது மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப் பொருளா? (அது அமெரிக்கக் கடைகளில் விற்ற ஒரு சமையல் கொழுப்பு.) இன்னொன்று: கிறிஸ்டி மாத்யூசன் எதனால் புகழ்பெற்றவர்? எழுத்தாளர், ஓவியர், பேஸ்பால் வீரர், நகைச்சுவை நடிகர் என்று நான்கு விடைகள். இத்தாலியிலிருந்தோ போலந்திலிருந்தோ வந்து இரண்டு வருஷமான ஒரு தொழிலாளிக்கு மாத்யூசனை எங்கே தெரியும்? சரி, பீட்டாவில் எழுத்தே இல்லையே என்று கேட்கலாம். அதில் ஒரு படத்தைக் காட்டி, என்ன விடுபட்டிருக்கிறது, வரைந்து காட்டு என்பார்கள். டென்னிஸ் மைதானத்தில் வலை இல்லை. கிராமஃபோனில் குழல் இல்லை. வாழ்க்கையில் டென்னிஸ் மைதானத்தையே பார்த்திராதவன், பென்சிலைப் பிடித்துப் பழகாதவன், சைகையால் சொன்னதைப் புரிந்துகொண்டு, நிமிடக் கணக்கில் முடுக்கப்பட்டு, அந்த வலையை வரைய வேண்டும். வரையாவிட்டால் அறிவு குறைவு.

இந்த எண்களை எடுத்துத்தான் பிரிகம் 1923இல் அமெரிக்கர்களின் நுண்ணறிவைப் பற்றிய அந்தப் புத்தகத்தை எழுதினார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. யெர்க்ஸ் முன்னுரை தந்தார். இனவாத எழுத்தாளர் மேடிசன் கிராண்ட் பிரபலப்படுத்தியிருந்த, ஐரோப்பியர்களை நார்டிக் (வடக்கு), ஆல்பைன் (நடு), மத்தியதரைக் கடல் (தெற்கு) என்று பிரிக்கும் இனப் பிரிவுகளை அப்படியே எடுத்துக்கொண்டு, நார்டிக் மேல், மற்றவை கீழ், கறுப்பின மக்கள் இன்னும் கீழ் என்று வரிசை போட்டார். குடியேற்றத்தால் நாட்டின் அறிவு சரிந்துகொண்டிருக்கிறது என்று எச்சரித்தார்.

புத்தகத்தில் ஓர் இடம் இருக்கிறது. அதைப் படிக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் தலையில் கைவைக்கத் தோன்றும். வெளிநாட்டில் பிறந்த வீரர்களை அவர்கள் அமெரிக்காவில் எத்தனை ஆண்டு வசித்தார்கள் என்பதை வைத்துப் பிரித்திருக்கிறார். வந்து 5 ஆண்டுக்குள் ஆனவர்களின் மதிப்பெண் குறைவு. ஆண்டு கூடக்கூட மதிப்பெண் ஏறுகிறது. 20 ஆண்டுக்கு மேல் இருந்தவர்கள் அங்கேயே பிறந்த வெள்ளையர்களுக்குக் கிட்டத்தட்டச் சமமாக வந்துவிடுகிறார்கள். இந்த அட்டவணையை யாரிடம் காட்டினாலும், இந்தத் தேர்வு அமெரிக்க வாழ்க்கையோடு உள்ள பழக்கத்தை அளக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். பிரிகமும் அந்த வாய்ப்பை யோசித்தார். யோசித்துவிட்டுத் தள்ளிவிட்டார். அவருடைய விளக்கம்: முன்பு வந்தவர்கள் நல்ல இனத்தார், அண்மையில் வருகிறவர்கள் தரம் குறைந்த இனத்தார், அதனால்தான் வித்தியாசம். தரவு ஒரு பக்கம் கைகாட்ட, இவர் நேர் எதிர்ப் பக்கம் நடந்தார்.

அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள் என்று இதற்குச் சமாதானம் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. ராணுவத் தேர்வுகள் எதையும் உருப்படியாக அளக்கவில்லை என்று பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் 1922லேயே தொடர் கட்டுரைகள் எழுதிவிட்டார். 1924இல் கறுப்பின அறிஞர் ஹோரஸ் மான் பாண்ட், பிரிகமின் புத்தகத்தைக் கையில் எடுத்து, இது அறிவியல் அல்ல, பிரச்சாரம் என்று எழுதினார். பள்ளி வசதி நன்றாக உள்ள இடங்களிலிருந்து வந்தவர்கள் நல்ல மதிப்பெண் எடுக்கிறார்கள் என்பதைச் சுட்டிக்காட்டினார். பாண்டுக்கு அப்போது 20 வயதுகூட நிறையவில்லை. பார்க்க விரும்பினால் பார்த்திருக்கலாம்.

அதே 1924இல்தான் அமெரிக்கா கடுமையான குடியேற்றச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு நாட்டுக்கும், 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்த நாட்டில் பிறந்தவர்கள் அமெரிக்காவில் எத்தனை பேர் இருந்தார்களோ அதில் 2 சதவீதம் என்று ஒதுக்கீடு. 1890ஐத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வெளிப்படை: தெற்கு, கிழக்கு ஐரோப்பியர்கள் பெருமளவில் வந்தது அதற்குப் பிறகு. ஆசியர்களுக்குக் கதவே சாத்தப்பட்டது. பிரிகமின் புத்தகம்தான் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அது மிகை. 1921லேயே ஓர் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்துவிட்டது, அதற்கு இவர் புத்தகம் தேவைப்படவில்லை. புத்தகத்தின் தாக்கம் எவ்வளவு என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள்ளேயே சண்டை இருக்கிறது. ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டவர்களுக்கு அறிவியல் முத்திரை ஒன்று கிடைத்தது என்ற அளவில் நான் நிறுத்திக்கொள்வேன்.

இப்போது தேர்வுக்கு வருவோம். அமெரிக்காவில் கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் 'காலேஜ் போர்டு' என்ற அமைப்பு 1900இல் தோன்றி, 1901இலிருந்து நுழைவுத் தேர்வு நடத்திக்கொண்டிருந்தது. அவை நீண்ட விடை எழுதும் பாடத் தேர்வுகள். ஆல்ஃபா மாதிரியில் புதிதாக ஒன்று வேண்டும் என்று பேச்சு எழுந்தபோது, பிரின்ஸ்டனில் தன் மாணவர்களை வைத்து அப்படி ஒன்றை ஏற்கெனவே நடத்திப் பார்த்திருந்த பிரிகமிடம் பொறுப்பு வந்தது. 1926 ஜூன் 23 அன்று முதல் எஸ்.ஏ.டி. நடந்தது. 8,000 பேருக்குக் கொஞ்சம் மேல் எழுதினார்கள். 97 நிமிடத்தில் 315 கேள்விகள். ஒரு கேள்விக்கு 20 விநாடிகூட இல்லை. எதிர்ச்சொல், ஒப்புமை, எண் வரிசை, கணக்கு, பத்தியைப் படித்துப் புரிந்துகொள்வது என்று ஒன்பது பகுதிகள். அதில் ஒன்று செயற்கை மொழி: இல்லாத ஒரு மொழியின் சில சொற்களையும் இலக்கண விதிகளையும் கொடுத்து, மொழிபெயர்க்கச் சொல்வார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். நிலைக்கவில்லை.

கவனிக்க வேண்டிய ஒன்று: இதை அவர் தனித் தீர்ப்பாக முன்வைக்கவில்லை. இந்த மதிப்பெண் ஒரு துணைப் பதிவு மட்டுமே, மற்ற சான்றுகளோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், இதற்கு அளவுக்கு மீறி முக்கியத்துவம் தருவது ஆபத்து என்று தொடக்கத்திலேயே எச்சரிக்கை எழுதிவைத்தார்கள். தேர்வு எழுதுகிறவர்களுக்கு முன்கூட்டியே பயிற்சிக் கையேடும் அனுப்பினார்கள். ஆல்ஃபாவை நடத்திய ராணுவ அதிகாரிகளிடம் இந்தப் பணிவு இருந்ததில்லை.

அப்புறம் அந்த 500 என்கிற எண். எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணுக்குச் சராசரி 500, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு) 100 என்ற அளவுகோல் இவர் காலத்தில் வந்ததுதான். அன்று 500 என்றால் ஆயிரத்துக்கு ஐந்நூறு வாங்கினார் என்று அர்த்தமில்லை. சேர்ந்து எழுதியவர்களின் நடுவில் இருக்கிறார், அவ்வளவுதான். 600 என்றால் நடுவிலிருந்து ஒரு திட்ட விலக்கம் மேலே. எண்ணுக்கு என்று தனியாக ஓர் அர்த்தம் கிடையாது. யாரோடு ஒப்பிட்டார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அப்படி ஓர் அளவுகோலோடு ஆண்டுக்கணக்கில் வேலை செய்கிற ஒருவருக்கு, இத்தாலியனின் அறிவு இவ்வளவு என்று பேசுவது மெல்ல மெல்லக் கூச்சமாகத்தான் ஆகியிருக்கும்.

அவர் அன்றாடம் செய்த வேலை கேள்விகளைப் பிரித்துப் பார்ப்பது. இதை ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். உதாரணம் என்னுடையது, முறை அவர்கள் துறையினுடையது. எண் வரிசை: 2, 4, 8, அடுத்தது என்ன? விடைகள் 10, 14, 16, 12 என்று வையுங்கள். கேள்வி தயாரித்தவர் இரட்டிப்பை நினைத்து 16 என்று வைத்திருக்கிறார். தேர்வு முடிந்ததும் மொத்த மதிப்பெண்ணை வைத்து மாணவர்களை ஐந்து குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிலும் எந்த விடையை எத்தனை பேர் எடுத்தார்கள் என்று எண்ணுகிறீர்கள். மேல் குழுவில் பாதிப்பேர் 14ஐ எடுத்திருக்கிறார்கள். என்ன நடந்தது? 2 கூட்டினால் 4, அதனோடு 4 கூட்டினால் 8, அதனோடு 6 கூட்டினால் 14. அதுவும் நியாயமான விதிதான். தவறு மாணவரிடம் இல்லை, கேள்வியில். இப்படித் தவறான விடைகளை ஒவ்வொன்றாகக் குடைந்து பார்த்த ஆறு ஆண்டு வேலையை அவர் 1932இல் ஒரு புத்தகமாகவே வெளியிட்டார். அதன் தலைப்பே பிழையைப் பற்றிய ஆய்வு என்பதுதான். தேர்வு தயாரிக்கிற ஒருவர், நான் கேட்டதில் எது தப்பு என்று ஒரு முழுப் புத்தகம் எழுதுவது இன்றைக்கும் அபூர்வம்.

இந்த வேலையின் நடுவில்தான் 1930 கட்டுரை. 'சைக்கலாஜிகல் ரிவ்யூ' இதழில் வந்தது, எட்டுப் பக்கம். குடியேறியவர்களின் நுண்ணறிவுத் தேர்வுகளைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளை எடுத்துப் பார்க்கிறார். வாதம் இப்படிப் போகிறது. ஆல்ஃபாவில் எட்டுப் பகுதிகள். அவை ஒரே விஷயத்தை அளக்கின்றனவா என்று பார்த்தால், இல்லை. அளக்காதபோது எட்டையும் கூட்டி ஒரே எண்ணாக்குவது ஒருவரின் உயரத்தையும் எடையையும் கூட்டி அவருக்கு ஒரு மதிப்பெண் போடுவது மாதிரி. அடுத்து, அந்த ஆல்ஃபாவோடு பீட்டாவையும் மற்றத் தேர்வுகளையும் ஒரே அளவுகோலில் இணைத்தது அதைவிட மோசம். இதன் மேல் நாடுகளையும் இனங்களையும் ஒப்பிட்டது முழுவதும் செல்லாது. மொழி விஷயத்திலும் தெளிவாக இருந்தார்: ஒரு மொழியில் தேர்வு வைத்தால், அந்த மொழியைக் கற்கச் சம வாய்ப்புப் பெற்றவர்களை மட்டுமே அதை வைத்து ஒப்பிடலாம். வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தைகளை அதில் நிறுத்தக்கூடாது.

இன்னொரு கூர்மையான குத்தும் அதில் உண்டு. உளவியலாளர்கள் ஒரு தேர்வுக்குப் பெயர் வைக்கிறார்கள்; பிறகு அந்தப் பெயருக்கு ஏற்ற ஒரு திறன் மண்டைக்குள் இருப்பதாக நம்பத் தொடங்கிவிடுகிறார்கள். மதிப்பெண்ணிலிருந்து அந்தக் கற்பனைத் திறனுக்கு எப்படித் தாவினோம் என்பதை யாரும் கவனிப்பதில்லை. கடைசியில், இந்த வகை ஆய்வுகளிலேயே மிகப் பகட்டான ஒன்று, இதை எழுதுகிறவருடையதே, அடித்தளமற்றது என்று முடிக்கிறார்.

அவர் தனியாக இந்த இடத்துக்கு வந்துசேரவில்லை. திறன்கள் ஒன்றல்ல, பல என்று உளவியலாளர் ட்ரூமன் கெல்லி 1928இல் ஒரு புத்தகமே எழுதியிருந்தார். காற்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. ஆனால் எஸ்.ஏ.டி.யிலும் அதே எண்ணம் தெரிகிறது. 1930இல் அது மொழி, கணிதம் என்று இரண்டாகப் பிரிகிறது. எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண் தருவதை அவர் தன் சொந்தத் தேர்விலும் தொடரவில்லை.

நாலு ஆண்டு கழித்து, வெளியிடாத ஒரு கையெழுத்துப் படியில் இன்னும் பச்சையாகவே எழுதினார். தேர்வுகள் பிறவி அறிவைத் தூய்மையாக அளக்கின்றன என்பது அறிவியல் வரலாற்றின் மாபெரும் பிழைகளில் ஒன்று. மதிப்பெண்ணில் பள்ளிப் படிப்பு, குடும்பப் பின்னணி, ஆங்கிலப் பழக்கம், தொடர்புள்ளது, தொடர்பில்லாதது எல்லாம் கலந்திருக்கிறது. பிறவி அறிவுக் கொள்கை செத்துவிட்டது. சாராம்சம் இதுதான்.

இதை வைத்து அவரைத் தியாகியாக்குகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அவர் திரும்பப் பெற்றது ஒரு தொழில்முறை இதழில், அந்தத் துறைக்காரர்கள் மட்டும் படிக்கும் மொழியில். சட்டம் வந்து ஆறு ஆண்டு ஆகியிருந்தது. ஒதுக்கீட்டு முறை தொடர்ந்தது. புத்தகத்தில் கீழே தள்ளப்பட்ட மக்களைப் பார்த்து அவர் ஒரு வார்த்தை சொன்னதாக அந்தக் கட்டுரையில் இல்லை. முறை தவறு, ஆகவே முடிவு தவறு என்பதோடு நிறுத்திக்கொண்டார். அறிஞராக அது நேர்மை. மனிதராகப் பாதி வழி. பாண்டும் லிப்மனும் பல ஆண்டுகள் முன்னால் சொன்னதும் இதே வழியில்தான் இருந்தது.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. 1933இல் ஹார்வர்டு தலைவரான ஜேம்ஸ் கோனன்ட், பணக்காரப் பள்ளிகளுக்கு வெளியே இருக்கும் திறமைசாலிகளைத் தேட ஒரு தேர்வு வேண்டும் என்று நினைத்தார். அவருடைய உதவியாளர் ஹென்றி சான்ஸி பிரிகமைப் போய்ப் பார்த்தார். ஹார்வர்டின் உதவித்தொகைத் தேர்வுக்கு எஸ்.ஏ.டி. போனது. நல்ல நோக்கம், சந்தேகமில்லை. 1937 வாக்கில், நாட்டில் உள்ள எல்லாத் தேர்வு அமைப்புகளையும் ஒன்றாக்கி ஒரு பெரிய நிறுவனம் அமைக்கலாம் என்ற யோசனை வந்தபோது பிரிகம் முட்டுக்கட்டை போட்டார். தேர்வை விற்கிற நிறுவனமே அதை ஆராய்கிற நிறுவனமாகவும் இருந்தால், விற்பனை ஆராய்ச்சியை விழுங்கிவிடும் என்பது அவர் பயம். 1938இல் கோனன்ட்டுக்கு எழுதிய கடிதத்தில், ஆசிரியர்கள் இந்தத் தேர்வுகளை நோக்கியே மாணவர்களைத் தயார்செய்யும் நாள் வந்தால் என்ன ஆகும் என்று பட்டியலிடுகிறார்: கணிதம் துண்டு துண்டாகச் சிதறும், அறிவியல் வெறும் சொற்களாக மாறும், ஆங்கிலத்தைப் படிக்க மட்டும் கற்றுத்தருவார்கள், எழுதும் பயிற்சி மறைந்துபோகும்.

கடைசியாகச் சொன்ன எழுதும் பயிற்சியைப் பாருங்கள். 1938லேயே ஐ.பி.எம். நிறுவனம் 805 என்ற விடைத்தாள் திருத்தும் இயந்திரத்தைக் கொண்டுவந்துவிட்டது. பென்சில் கோட்டின் கிராஃபைட் வழியாக மின்சாரம் பாய்வதை வைத்து எண்ணும். கட்டுரைத் தாளுக்கு அதில் வழியில்லை. அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியதும், 1942இல் காலேஜ் போர்டு தன் பழைய கட்டுரைத் தேர்வுகளை நிறுத்தியது. அடுத்த ஜனவரியில் பிரிகம் இறந்தார். இணைப்புப் பேச்சுக்கு இருந்த பெரிய தடை நீங்கியது. 1947 டிசம்பரில் 'எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ்' பதிவாகி, 1948 ஜனவரி முதல் இயங்கத் தொடங்கியது. முதல் தலைவர் சான்ஸி. இடம் பிரின்ஸ்டன். அங்கே இருந்த நூலகத்துக்கு வைத்த பெயர் கார்ல் கேம்ப்பெல் பிரிகம் நூலகம். அவர் வேண்டாம் என்று கடிதம் எழுதித் தடுத்த நிறுவனத்தில்!

ஆகவே, அவர் இனவாதி என்று எழுதியவர் 1923 புத்தகத்தை மட்டும் பார்த்திருப்பார். மாறிவிட்டார் என்று எழுதியவர் 1930 கட்டுரையை. இனவாதத்தைப் பரப்பத்தான் எஸ்.ஏ.டி. செய்யப்பட்டது என்று எங்காவது படித்தால் அதை மட்டும் நம்ப வேண்டாம். ராணுவத் தேர்வின் வாரிசு அது என்பது உண்மை. கேள்வி வகைகளில் அந்தச் சாயல் அப்பட்டமாகத் தெரியும். ஆனால் அதன் தந்தையே அதற்குப் போட்ட வேலிகள்தான் பின்னால் வந்தவர்கள் முதலில் பிடுங்கியவை.

நேரடியாகப் படிக்க ஆசையிருந்தால் 1923 புத்தகம் காப்புரிமைக் காலம் முடிந்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் பகுதியில் ராணுவத் தேர்வின் கேள்விகளைப் பாருங்கள். ஒரு பீட்டா படத்தை நேரம் வைத்து நீங்களே முயன்று பாருங்கள். பிறகு வசித்த ஆண்டுகள் பற்றிய அட்டவணை. அவருடைய விளக்கத்தை மறைத்துக்கொண்டு எண்களை மட்டும் பார்த்து உங்கள் முடிவை ஒரு தாளில் எழுதிவையுங்கள், அப்புறம் அவர் சொல்வதைப் படியுங்கள். 1930 கட்டுரையை அதற்கு அடுத்து எடுங்கள். முதலில் அதைப் படித்துவிட்டால் புத்தகத்தின் மேல் வர வேண்டிய கோபம் வராமலே போய்விடும்.